நான் வெளியே நின்ற பத்து நிமிடம்

பல் துலக்கிவிட்டு வந்து
"இங்க பாருங்க" என்றாள் தவமலர்.
இடது கண்ணின் வெள்ளை
கருமணியின் விளிம்பு வரை சிவந்து கிடந்தது.
வலி இல்லை, உறுத்தல் இல்லை.
யாரோ உள்ளே மை கொட்டிவிட்டுச்
சொல்லாமல் போனது மாதிரி.

மின்தூக்கியில் ஏறிய பதினொன்றாம் மாடி திருமதி சியா
அவள் கண்ணைப் பார்த்தார்.
பிறகு என் கைகளைப் பார்த்தார்.

வீடு மாற்றும் லாரியில் வேலை எனக்கு.
குளிர்பெட்டியை முதுகில் சாய்த்து
நான்கு மாடி இறக்கும் கைகள்.
காற்சட்டைப் பைக்குள் அவை அடங்கவில்லை.

யீஷூன் பலதுறை மருந்தகத்தில்
முதலில் டெங்கியாக இருக்கும் என்றார்கள்.
எங்கள் புளோக்கின் கீழேயும் சிவப்புப் பதாகை தொங்குகிறது;
போன வெள்ளிக்கிழமைதான் ஓர் அதிகாரி வந்து
துணிக்கழி செருகும் துளையில்கூட
டார்ச் அடித்துவிட்டுப் போனார்.

டெங்கி இல்லை.
தட்டணுக்கள் ஐந்து என்றார் டாக்டர் கோ.
ஐந்தா?
ஐந்தாயிரம்.
ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாதாம்.

பெரிய மருத்துவமனையில் திரையை இழுத்தார்கள்.
தொடையில் ஒன்று, இடுப்பில் மூன்று,
கணுக்காலைச் சுற்றிக் கேழ்வரகு சிந்தியதுபோல் புள்ளிகள்,
மேல்கையில் நான்கு விரல்கள், ஒரு கட்டைவிரல்.
விரல்கள் என்னுடையவைதாம்.
வியாழன் இரவு பேருந்து சட்டென்று நின்றபோது
விழப்போனவளைப் பிடித்தேன்.
சொல்ல வாயெடுத்தேன்.
முதல் சொல்லிலேயே அது பொய்போல ஒலித்தது.

தாதி நூர்ஹயாத்தி மரியாதையாகத்தான் கேட்டார்,
சற்று வெளியே இருக்க முடியுமா என்று.

தாழ்வாரத்தில் ஒரு பான இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது.
இருபத்திரண்டு வருடத்தையும்
ஓங்கிய கை ஒன்று தட்டுப்படுகிறதா என்று
பின்னாலிருந்து புரட்டினேன்.
கதவை அறைந்து சாத்தியிருக்கிறேன், பலமுறை.
மகன் பிறந்த வருடம் ஒரு தட்டை எறிந்து உடைத்தேன்.
அவள்மேல் இல்லை, சுவர்மேல்.
ஆனால் அந்தச் சுவரோரம்தான்
அவள் நின்றிருந்தாள்.

கதவு திறந்தது. தாதி எனக்கொரு நாற்காலி இழுத்துப் போட்டார்.
உள்ளே என்ன கேட்டார்கள், இவள் என்ன சொன்னாள்,
நான் கேட்கவில்லை.

அவள் உடம்பின் காவலே
சொந்தத் தட்டணுக்களை அந்நியர் என்று எண்ணி
அழிக்கிறதாம்.
ஏன் என்றேன்.
பெரும்பாலும் தெரிவதில்லை என்றார்கள்.

கண் மருத்துவர் சொட்டு விட்டு, விளக்கடித்து,
நெடுநேரம் பார்த்தார்.
வெளியே தெரியும் சிவப்பு பயமுறுத்தும், கெடுதல் செய்யாது,
இரண்டு வாரத்தில் மஞ்சளாகிப் போய்விடும்.
உள்ளே, விழித்திரையில், ஒரு பொட்டு ரத்தம்.
பார்வையின் நடுவுக்குப் பக்கத்தில்;
நடுவில் இல்லை.
அதைத்தான் கவனிக்கணும் என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை அவளுக்குப் பசியைக் கொண்டுவந்தது.
விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து
ரொட்டியில் காயா தடவி நின்றபடி தின்பாள்.
முகம் உருண்டது. பல்தூரிகை குழந்தைகளுடையது.
காய் நறுக்குவது நான்.
வேலையில் கண்ணாடி அலமாரிகளுக்கு
கம்பளி சுற்றி, 'உடையும்' என்று ஒட்டுவோம்.
அந்தத் தாள் ஒரு சுருள்
என் சட்டைப்பையிலேயே இருந்தது பல நாள்.
இரவில் கட்டிலின் ஓரமாய்
என் கைமேல் நானே படுத்துக்கொள்வேன்.

ஐந்து. பதினெட்டு. பதினொன்று, மறுபடி இறக்கம்.
அப்புறம் நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று வந்த மாலை, 811இல் திரும்பும்போது
ஓட்டுநர் அதே வளைவில் பிரேக்கை அழுத்தினார்.
என் கை நீண்டு, பாதியில் நின்றுவிட்டது.
அவளே என் சட்டையைக் கொத்தாய்ப் பற்றிக்கொண்டாள்.
பொத்தான் ஒன்று தெறித்து
இருக்கைகளுக்கடியில் உருண்டது.

குனிந்து அதைத் தேடியவள்
நிமிராமலே சொன்னாள்:
"அந்தத் தட்டைப் பத்தி நான் சொல்லல."